டன்மகுஃபுவில் ஒரு பாஸ் சண்டை எழுதிய குறிப்புகள்

ஷூட்டர் கேம் செய்ய ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் யூனிட்டி, கோடோ போன்ற பொதுவான கேம் என்ஜின்களில்தான் கை வைக்கிறார்கள். தப்பில்லை. ஆனால் அங்கே ஆரம்பத்தில் வருவதெல்லாம் வேறு வேலை: ப்ளேயரை நகர்த்துவது, திரையை விட்டுப் போன புல்லட்டை அழிப்பது, நூற்றுக்கணக்கான புல்லட்டுக்கு மோதல் பார்ப்பது, உயிர், பாம், ஸ்கோர், ரீப்ளே. திரை நிறைய வரும் புல்லட்டுக்கு நடுவே சந்து தேடி நுழைகிற விளையாட்டை மட்டும்தான் எழுதப் போகிறேன் என்பவருக்கு இது அத்தனையும் ஏற்கெனவே செய்து வைத்திருக்கும் என்ஜின் ஒன்று ஜப்பானில் உண்டு. பெயர் டோஹோ டன்மகுஃபு. அதில் ஒரே ஒரு பாஸ் சண்டையை, அதாவது திரையின் மேலே நிற்கும் ஒரு எதிரியையும் அது வீசும் புல்லட் கோலங்களையும், முழுசாக எழுதினேன். அதன் குறிப்புகள் இவை.

இந்த வகை விளையாட்டு எங்கிருந்து வந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1993-இல் டோவாப்ளான் நிறுவனம் வெளியிட்ட பட்ஸுகன் என்ற ஆர்கேட் விளையாட்டைத்தான் பலரும் தொடக்கமாகக் காட்டுவார்கள். டோவாப்ளான் மூடப்பட்ட பிறகு அங்கிருந்தவர்களில் சிலர் சேர்ந்த கேவ் நிறுவனம் 1995-இல் டோன்பாச்சியைக் கொண்டுவந்தது. வீட்டுக் கணினிப் பக்கம் ஸுன் என்ற ஒற்றை மனிதர் இசை, படம், நிரல் எல்லாவற்றையும் தானே செய்து டோஹோ என்ற விளையாட்டு வரிசையை எழுதினார். முதலில் என்இசியின் பிசி-98 கணினிக்கு, 2002 முதல் விண்டோஸுக்கு. அந்த வரிசையின் ரசிகர்கள் தாங்களே பாஸ் எழுதிப் பார்க்க வேண்டும் என்று எம்கேஎம் என்ற பெயரில் இயங்கும் ஒருவர் உருவாக்கியதுதான் டன்மகுஃபு. டோஹோ என்று பெயரில் இருந்தாலும் அந்தக் கதாபாத்திரங்களைத்தான் போட வேண்டும் என்று கட்டாயம் இல்லை. என்னுடைய பாஸ் ஒரு வட்டமும் இரண்டு முக்கோணமும் மட்டுமே. நான் வரைந்தால் அவ்வளவுதான் வரும்.

இரண்டு தலைமுறை உண்டு. பழையது 0.12எம், புதியது பிஎச்3. பழையதற்கு எழுதிய ஸ்கிரிப்ட், அதாவது நாம் எழுதி என்ஜினிடம் கொடுக்கும் நிரல் கோப்பு, புதியதில் ஓடாது. இணையத்தில் கிடைக்கும் பாடங்களில் நிறைய பழையதற்கானவை. எனவே எதைப் படித்தாலும் எந்தப் பதிப்புக்கு என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்கிரிப்ட்டின் தலையில் பதிப்பு எண் 3 என்று ஒரு வரி இருந்தால் அது பிஎச்3-க்கானது. நான் எடுத்தது அதைத்தான். பிஎச்3-ஐ அடிப்படையாக வைத்து வேறு சிலர் வளர்த்தெடுத்த பிஎச்3எஸ்எக்ஸ் என்ற வடிவமும் இருக்கிறது. முதல் தடவைக்கு மூலப் பதிப்பே போதும்.

நிறுவுவது என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஸிப்பைப் பிரித்து ஒரு ஃபோல்டரில் போட்டால் முடிந்தது. ஆனால் பிரிக்கும்போதே ஒரு சிக்கல் காத்திருக்கும். உள்ளே ஜப்பானிய எழுத்தில் பெயர் வைத்த கோப்புகள் இருந்தால் நம் ஊர் விண்டோஸில் அந்தப் பெயர்கள் கண்டபடி சிதைந்து வரும். பெயர் சிதைந்தால் ஸ்கிரிப்ட் தேடுகிற கோப்பு கிடைக்காது. மற்றவர்கள் எழுதிய ஸ்கிரிப்ட்டைத் தரவிறக்கி ஓட்டும்போது இது அடிக்கடி நடக்கும். விண்டோஸின் ரீஜன் அமைப்பில், யூனிகோட் அல்லாத நிரல்களுக்கான மொழியை ஜப்பானியம் என்று மாற்றிவிட்டுப் பிரித்தால் சரியாகிவிடும். மாற்றினால் ஒரு வேடிக்கை: கோப்பின் பாதையில் வரும் பின்சாய்கோடு சில இடங்களில் யென் நாணயக் குறியாகத் தெரியும். பயப்பட வேண்டாம், அது எழுத்துருவின் வேலை. மொழியை மாற்ற மனமில்லாதவர்கள் லொகேல் எமுலேட்டர் போன்ற ஒரு கருவியை வைத்து ஸிப்பைப் பிரிக்கும் நிரலையும் என்ஜினையும் மட்டும் ஜப்பானியச் சூழலில் ஓட்டலாம்.

என்ஜினோடு கான்ஃபிக் நிரல் ஒன்றும் வருகிறது. அதைத் திறந்து லாக் விண்டோவை இயக்கி வைப்பது முதல் வேலை. உங்கள் ஸ்கிரிப்ட்டிலிருந்து எண்களையும் வார்த்தைகளையும் அங்கே அச்சடித்துப் பார்க்கலாம். தவறு நேர்ந்தால் என்ஜின் ஜப்பானிய மொழியில் ஒரு பெட்டியைக் காட்டும். மொழி தெரியாவிட்டாலும் பரவாயில்லை. அதில் வரி எண் இருக்கும், அந்த இடத்து நிரல் வரிகளும் இருக்கும். நான் அந்தப் பெட்டியில் எண்ணைத் தவிர வேறு எதையும் படிக்கவில்லை, அதுவே போதுமாக இருந்தது. பெட்டிச் செய்தியில் ஏதோ ஒரு ஃபங்ஷன் அல்லது மாறியின் பெயர் தனியாகத் தெரிந்தால், பெரும்பாலும் எழுத்துப்பிழை. பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசத்தை ஸ்கிரிப்ட் மொழி கறாராகப் பார்க்கும்.

ஸ்கிரிப்ட் மொழி சி என்ற நிரல்மொழி மாதிரி தோற்றம், ஆனால் சில விஷயங்கள் தனி. எண் என்றால் எல்லாமே தசம எண்தான். 1-ஐ 2-ஆல் வகுத்தால் 0.5 வரும், சியில் போல பூஜ்யம் வராது. சைன், கோசைன் இரண்டும் பாகையில் கோணம் வாங்கும், ரேடியனில் அல்ல. இது பெரிய நிம்மதி. சொற்களை ஒட்டுவதற்குக் கூட்டல் குறி கிடையாது, அலைக்குறி. ஃபார் லூப்பைத் தேட வேண்டாம், அதற்குப் பதில் அசென்ட். 0 முதல் 36 வரை என்று அசென்ட்டில் எழுதினால் 35-இல் நின்றுவிடும். வட்டம் போடுவதற்கு இது ரொம்ப வசதி, முதல் புல்லட்டின் மேலேயே கடைசிப் புல்லட் வந்து விழாது.

ஒரு பாஸ் ஸ்கிரிப்ட்டுக்கு மூன்று பாகம். தொடக்கத்தில் ஒரு முறை ஓடுவது, ஒவ்வொரு ஃப்ரேமிலும் (திரை ஒரு முறை புதுப்பிக்கப்படும் நேரம்) ஓடுவது, என்ஜின் கேள்வி கேட்கும்போது பதில் சொல்வது. மூன்றாவது கொஞ்சம் விசித்திரம். பாஸுக்கு எவ்வளவு உயிர், எத்தனை விநாடி அவகாசம், ஜெயித்தால் என்ன மதிப்பெண் என்று என்ஜின் ஒவ்வொன்றாகக் கேட்கும்; நாம் 2000, 60 என்று எண்ணைத் திருப்பித் தர வேண்டும். முதல் பாகத்தில் எதிரியை உருவாக்கி, பதிவு செய்து, மேலிருந்து இறக்கி நிறுத்துகிறோம். இரண்டாம் பாகத்தில் எதிரியின் உடம்பு எவ்வளவு பெரிய வட்டம் என்று ஒவ்வொரு ஃப்ரேமிலும் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். சொல்லாவிட்டால் நம் தோட்டாக்கள் அதை ஊடுருவிப் போய்க்கொண்டே இருக்கும்.

இவ்வளவும் எழுதி ஓட்டினால் திரையில் ஒன்றுமே தெரியாது. எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. எதிரிக்கு இன்னும் படம் கொடுக்கவில்லை, அவ்வளவே. சுட்டுப் பார்த்தால் வெறும் காற்றில் தோட்டா பட்டு மறைவது தெரியும். படத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நான் கொஞ்ச காலம் அருவப் பாஸையே வைத்துக்கொண்டு புல்லட் வேலையை ஆரம்பித்தேன். புல்லட் எங்கிருந்து கிளம்புகிறதோ அங்கே பாஸ் இருக்கிறது என்று கண் தானாகப் புரிந்துகொள்கிறது.

விளையாடும் களம் 384 பிக்சல் அகலம், 448 பிக்சல் உயரம். 640-க்கு 480 திரையில் அது இடது பக்கமாக இருக்கும். வலது ஓரம் ஸ்கோருக்கும் உயிர்க் கணக்குக்கும். மேல் இடது மூலை பூஜ்யம், கீழே போகப் போக ஒய் கூடும். அதனால் கோணமும் நம் பள்ளிக்கூடக் கணக்குக்கு நேர்மாறு: 0 வலப்பக்கம், 90 நேர் கீழே, 270 நேர் மேலே. விநாடிக்கு 60 ஃப்ரேம். வேகம் என்பது ஒரு ஃப்ரேமுக்கு எத்தனை பிக்சல் என்பது. இவற்றை மனதில் ஏற்றிக்கொண்டால் மற்றதெல்லாம் கூட்டல் கழித்தல்.

புல்லட் உருவாக்கும் அடிப்படை ஃபங்ஷன் கிரியேட்ஷாட்ஏ1. ஆறு தகவல் கேட்கும்: எக்ஸ், ஒய், வேகம், கோணம், எந்தப் படம், டிலே. கடைசி ஒன்றைப் பலர் 0 என்று போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். டிலே என்பது புல்லட் முழு உருவம் பெற்றுக் கிளம்புவதற்கு முன் அந்த இடத்தில் ஒளிப்புகை போலத் தெரியும் நேரம். 10 என்று வைத்தால் ஆறில் ஒரு விநாடி. அந்தச் சிறு இடைவெளியில்தான் ஆடுகிறவர் கண் 'இங்கிருந்து வரப்போகிறது' என்று பிடிக்கிறது. பூஜ்யத்தில் வைத்த அதே கோலம் ஆடும்போது பத்தில் இருப்பதைவிடக் கொடூரமாக இருக்கும், அதுவும் எந்தச் சுவையும் இல்லாத கொடூரம். புல்லட் படங்களை நாமே வரைய வேண்டியதில்லை. என்ஜினோடு வரும் இயல்புநிலைக் கோப்பைச் சேர்த்துக்கொண்டால் சின்னப் பந்து, அரிசி, நட்சத்திரம் என்று பல நிறத்தில் கிடைக்கும்.

எல்லாரும் முதலில் எழுதுவது வட்டம். 360-ஐ எண்ணிக்கையால் வகுத்து, அந்த இடைவெளியில் புல்லட்டுகளை ஒரே ஃப்ரேமில் விடுவது. 36 புல்லட் என்றால் பத்துப் பாகைக்கு ஒன்று. இங்கேதான் ஒரு காகிதமும் பேனாவும் எடுத்து உட்கார வேண்டும் என்பது என் கட்சி. பாஸ் ஒய் 120-இல் நிற்கிறது, ஆடுகிறவர் ஒய் 400-இல் என்று கொள்வோம். தூரம் 280. அந்தத் தூரத்தில் வட்டத்தின் சுற்றளவு சுமார் 1,760 பிக்சல். 36 புல்லட்டுக்கு இடையில் தலா 49 பிக்சல்; லாரியே போகலாம். 72 என்றால் 24. புல்லட் பத்து பிக்சல் அகலம் என்று வைத்தால் மிச்சம் 14. நுழையலாம், கொஞ்சம் கவனம் வேண்டும். 120 என்றால் மிச்சம் ஐந்துக்கும் கீழே. ஆடுகிறவரின் ஹிட்பாக்ஸ், அதாவது புல்லட் பட்டால் சாகிற பகுதி, படத்தைவிட ரொம்பச் சின்னது, ஓரிரு பிக்சல் ஆரம்தான் வைப்பது வழக்கம் என்பதால் அதிலும் நுழைய முடியும், ஆனால் ஷிஃப்ட்டை அழுத்தி மெதுவாக நகர்ந்தால்தான். அதே 72-ஐ பாஸிலிருந்து நூறு பிக்சலில் சந்தித்தால் இடைவெளி ஒன்பதுக்கும் கீழே, அதாவது சுவர். ஆக, எவ்வளவு கஷ்டம் என்பதை நான் மட்டும் தீர்மானிக்கவில்லை. எங்கே நிற்கிறோம் என்பதை வைத்து ஆடுகிறவரும் தீர்மானிக்கிறார். புல்லட்டின் எண்ணிக்கையைப் பார்க்காமல் சந்தின் அகலத்தைப் பார்த்து எழுத ஆரம்பித்த பிறகுதான் என் கோலங்கள் ஆடத் தகுந்தவையாக ஆயின.

வட்டத்தைத் திரும்பத் திரும்ப விட வேண்டும் என்றால் டாஸ்க்கும் யீல்டும் வேண்டும். இந்த என்ஜினின் உயிர்நாடி இதுதான். டாஸ்க் என்பது தன்போக்கில் ஓடும் ஒரு ஃபங்ஷன். நடுவில் யீல்ட் என்று வந்தால் அங்கேயே நின்று, மற்றவர்களுக்கு வழிவிட்டு, அடுத்த ஃப்ரேமில் விட்ட இடத்திலிருந்து தொடரும். அறுபது யீல்ட் என்றால் ஒரு விநாடி காத்திருப்பு. இதற்காக எல்லாரும் வெயிட் என்று ஒரு குட்டி ஃபங்ஷன் எழுதி வைத்துக்கொள்வார்கள்: எண் கொடுத்தால் அத்தனை முறை யீல்ட் செய்யும். முடிவில்லா லூப்புக்குள் யீல்ட் இல்லாவிட்டால் கேம் அந்த ஃப்ரேமிலேயே உறைந்துவிடும், விண்டோஸின் டாஸ்க் மேனேஜரைக் கூப்பிட்டு மூட வேண்டியதுதான். ஃப்ரேம்தோறும் ஓடும் இரண்டாம் பாகத்திலும் ஒரு யீல்ட் இருக்க வேண்டும், இல்லையென்றால் டாஸ்க்குகளுக்கு முறை வராது.

யூனிட்டியில் பழகியவர்களுக்கு இது கோரூட்டின், நடுவில் நின்று பிறகு தொடரும் ஃபங்ஷன். ஆனால் இங்கே அது ஓர் ஓரத்தில் இருக்கும் வசதி அல்ல, மொழியின் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. வட்டம் விடும் டாஸ்க் ஒன்று, குறிவைத்துச் சுடும் டாஸ்க் ஒன்று, பாஸை இடவலமாக நகர்த்தும் டாஸ்க் ஒன்று என்று தனித்தனியாக எழுதி, மூன்றையும் ஒன்றாக ஓடவிடலாம். ஒன்று 60 ஃப்ரேமுக்கு ஒரு முறை, இன்னொன்று 45-க்கு ஒரு முறை என்று வைத்தால் அவை 180-ஆவது ஃப்ரேமில் ஒன்றாக விழும், மூன்று விநாடிக்கு ஒரு முறை ஓர் அழுத்தம் தானாக வரும். தாளக் கணக்கு தெரிந்தவர்கள் இதில் வெகுதூரம் போகலாம்.

அடுத்தது குறிவைத்த புல்லட். எதிரியிடமிருந்து ஆடுகிறவர் எந்தக் கோணத்தில் இருக்கிறார் என்று என்ஜினே சொல்லும். அந்தக் கோணத்தில் ஒன்று, அதிலிருந்து 20 பாகை இடம் ஒன்று, வலம் ஒன்று: மூன்று புல்லட் விசிறி. நடுப் புல்லட் நேராக நெஞ்சுக்கு வரும். நகர்ந்தே ஆக வேண்டும். நான்காக மாற்றி, பத்துப் பாகை தள்ளி இரண்டு பக்கமும் சமமாகப் பிரித்தால் கதை தலைகீழ். நின்ற இடத்துக்கு எதுவுமே வராது. 280 பிக்சல் தூரத்தில் இரண்டு பக்கமும் ஐம்பது பிக்சல் தள்ளி ஒவ்வொன்று போகும். ஒற்றைப்படை விசிறி நகரச் சொல்கிறது, இரட்டைப்படை விசிறி நிற்கச் சொல்கிறது. ஜப்பானிய ஷூட்டர்களில் இந்த இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டே ஆடுகிறவரை ஆட்டிவைப்பார்கள்.

சித்தி பையனை உட்கார வைத்து இரட்டைப்படையை மட்டும் வேகமாக ஓடவிட்டேன். புல்லட்டைக் கண்டால் ஓடுகிற பிள்ளை.

"அண்ணே, சும்மா நின்னா ஒண்ணும் ஆகல. நகர்ந்தா சாகுறேன். என்னண்ணே இது?"

"அதுக்குத்தான்டா அத வெச்சிருக்கேன்."

"அப்ப கண்ண மூடிக்கிட்டு நிக்கவா?"

நியாயமான கேள்வி. இரட்டைப்படை விசிறி தனியாக இருந்தால் விளையாட்டே இல்லை. அதோடு மெதுவாக இறங்கும் வட்டம் ஒன்றைச் சேர்த்தால், வட்டத்துக்காக நகர்ந்தே ஆக வேண்டும், விசிறிக்காக நின்றே ஆக வேண்டும். அந்த இழுபறியைத்தான் எழுதுகிறோம்.

குறிவைத்த புல்லட்டை விடாமல் சரமாக விட்டால் இன்னொன்று கிடைக்கும். ஆறு ஃப்ரேமுக்கு ஒன்று, வேகம் நான்கு என்றால் சரத்தில் 24 பிக்சலுக்கு ஒரு புல்லட். ஆடுகிறவர் ஒரு பக்கமாக மெல்ல நகர்ந்துகொண்டே இருந்தால் எல்லாம் பின்னாலேயே போகும். ஆனால் களம் 384 பிக்சல்தான். சுவர் வந்துவிடும். அங்கே சட்டென்று ஒரு பெரிய அடி எடுத்து வைத்து, சரத்தில் ஓட்டை உண்டாக்கி, அதன் வழியாக மறுபக்கம் திரும்ப வேண்டும். கிரிகாயெஷி என்பார்கள். இதை எழுதுகிறவர் செய்ய வேண்டியது ஒன்றுதான்: ஓட்டைக்கு நேரம் விடுவது. எட்டுச் சுடுக்கு ஒரு முறை இருபது ஃப்ரேம் நிறுத்தினேன், புதியவர்களும் திரும்பக் கற்றுக்கொண்டார்கள்.

இனி நான் அதிக நேரம் செலவிட்ட கோலம். சுழல். ஒவ்வொரு சுடுக்கும் கோணத்தில் ஏழு பாகை கூட்டினால் தீபாவளிச் சங்குசக்கரம் போல் ஒரே பக்கமாகச் சுற்றும். அழகு, ஆனால் பார்த்த மூன்றாம் விநாடியில் புரிந்துவிடும். அதை மாற்ற ஒரு பழைய உத்தி உண்டு: கூட்டும் எண்ணையே கூட்டிக்கொண்டே போவது. கோணம் என்று ஒரு மாறி, அடி என்று ஒரு மாறி. ஒவ்வொரு சுடுக்கும் கோணத்தோடு அடியைக் கூட்டு, பிறகு அடியோடு 0.3 கூட்டு. கூடுதலாக வருவது இந்த ஒரு வரிதான்.

ஐந்து கையாக, இரண்டு ஃப்ரேமுக்கு ஒரு சுடு விட்டேன். ஐந்து கை என்றால் 72 பாகைக்கு ஒன்று. அடி சின்னதாக இருக்கும்போது சுழல் மெல்ல வளைகிறது. அடி 24-ஐ நெருங்கும்போது ஐந்து கை பதினைந்தாகத் தெரிகிறது. ஏனென்றால் மூன்று சுடுக்கு ஒரு முறை அதே திசைக்குத் திரும்புகிறது. 36-இல் பத்துக் கை. 72-ஐத் தொடும்போது ஒவ்வொரு கையும் அடுத்த கையின் இடத்திலேயே விழுகிறது. திரையில் ஐந்து நேர்க்கோடு அசையாமல் நிற்பது போல் இருக்கும், இடையில் அகலமான வழிகள். தாண்டியதும் சுழல் மீண்டும் வளையத் தொடங்கும். 72-ஐ 0.3-ஆல் வகுத்தால் 240 சுடு, இரண்டு ஃப்ரேமுக்கு ஒன்று என்றால் 480 ஃப்ரேம். எட்டு விநாடிக்கு ஒரு சுற்று. மெல்லிய வளைவாக ஆரம்பித்து, கலைந்து, அவ்வப்போது கை எண்ணிக்கை தெளிந்து, மறுபடி கலைந்து, எட்டாவது விநாடியில் முழுசாகத் திறந்துவிடுகிறது. ஒரு வரியிலும் ரேண்டம், அதாவது தற்செயலான எண், எதுவும் இல்லை. பார்க்கிறவர் யாரும் அதை நம்ப மாட்டேன் என்கிறார்கள்.

ரேண்டமைப் பற்றியும் சொல்ல வேண்டும். கையில் வருகிறது என்பதற்காகக் கோணம் முழுவதையும் ரேண்டமாக விடுவது சோம்பேறித்தனம். சில நேரம் ஓட்டை பெரிதாக இருக்கும், சில நேரம் வழியே இருக்காது, செத்தால் யார் மேல் பழி போடுவது என்று தெரியாது. குறிவைத்த கோணத்தில் மைனஸ் ஐந்து முதல் ஐந்து பாகை வரை சிதறவிடுவது, வட்டத்தின் தொடக்கக் கோணத்தை மட்டும் ரேண்டமாக வைப்பது என்று சிறு அளவில் தூவினால் கோலத்துக்கு உயிர் வருகிறது, நியாயமும் கெடுவதில்லை.

பாஸ் செத்த பிறகு என்ன ஆகிறது என்பதையும் நாம்தான் எழுத வேண்டும். உயிர் பூஜ்யத்துக்கு வந்ததா என்று பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு டாஸ்க். வந்ததும் எதிரியை நீக்கு, திரையில் உள்ள புல்லட்டுகளை அழி, ஸ்கிரிப்ட்டை மூடு. மூடுவதற்கு முன் வெடிப்பு காட்ட ஒன்றிரண்டு விநாடி விட்டால் இதில் ஒரு பொறி இருக்கிறது. எதிரி போய்விட்டது, ஆனால் சுடும் டாஸ்க்குகள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. இல்லாத எதிரியின் இடம் எது என்று அவை கேட்டால் என்ஜின் பூஜ்யம், பூஜ்யம் என்று பதில் தரும். திரையின் மேல் இடது மூலையிலிருந்து திடீரென்று சுழல் கிளம்பி வந்தால் காரணம் இதுதான், வேறெங்கும் தேட வேண்டாம். சுடும் லூப் ஒவ்வொன்றும் எதிரி இன்னும் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்த சுற்றுக்குப் போக வேண்டும்.

சத்தம்: சுடும் ஒலியை வட்டத்துக்கு ஒரு முறை இயக்குங்கள், புல்லட்டுக்கு ஒரு முறை அல்ல. இரண்டு ஃப்ரேமுக்கு ஒரு சுடு விடும் சுழலில் அதுவும் அதிகம். நான்கு சுடுக்கு ஒன்று போதும்.

தலைப்பைத் தமிழில் போட ஆசைப்பட்டேன். ஸ்கிரிப்ட் கோப்பை யூடிஎஃப்-16 ஆகச் சேமித்தால் தமிழ் எழுத்து உள்ளே போகிறது, ஆனால் திரையில் எழுதும்போது என்ஜின் ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனிப் படமாக எடுத்து வரிசையாக அடுக்குகிறது. ஜப்பானிய எழுத்துக்கு அது பொருந்தும். நமக்கு ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் உயிர்மெய்க்குப் பின்னால் போய் நிற்கும், உகரம் ஒட்டாது. 'தேள்' என்று போட்டால் கொம்பு தகரத்துக்குப் பின்னால் தனியாக நின்றது. தலைப்பை இங்க்ஸ்கேப்பில் எழுதி, பின்னணி இல்லாத பிஎன்ஜி படமாக்கி, ஸ்ப்ரைட்டாக, அதாவது திரையில் வைக்கும் படத்துண்டாக, ஏற்றிவிட்டேன். எழுத்துரு நம் இஷ்டம், நிறமும் நம் இஷ்டம். அதே வழியில்தான் அருவமாக இருந்த பாஸுக்கும் உருவம் கொடுத்தேன்: படத்தை ஏற்று, எந்தப் பகுதியை வெட்டி எடுக்க வேண்டும் என்று சொல், நடுப்புள்ளியை எதிரியின் இடத்தோடு பொருத்து.

கடைசியாக எளிய பதிப்பு. சுழலின் வேகத்தை 2-இலிருந்து 1.2-க்குக் குறைத்துத் தம்பியிடம் கொடுத்தேன். முன்னைவிடச் சீக்கிரம் செத்தான்.

"மெதுவா வருதுன்னு பாத்தா கூட்டமா நிக்குதுண்ணே."

சரியாகச் சொன்னான். பாஸ் நிற்கும் 120-இலிருந்து கீழ் விளிம்பு வரை 328 பிக்சல். வேகம் 2 என்றால் 164 ஃப்ரேமில் கடந்துவிடும், 1.2 என்றால் 273. விடும் எண்ணிக்கை அதே விநாடிக்கு 150. வெளியேறுவது தாமதமானால் திரையில் தேங்குவது கூடும், ஒன்றரை மடங்குக்கு மேல். அடுத்தடுத்த சுடுகளின் இடைவெளியும் நான்கு பிக்சலிலிருந்து 2.4-க்குச் சுருங்கி, ஒவ்வொரு கையும் கயிறாகிவிடுகிறது. எளிதாக்க வேண்டும் என்றால் வேகத்தில் அல்ல, எண்ணிக்கையில் கை வைக்க வேண்டும்.

ஐந்து கையை மூன்றாக்கி, இரண்டு ஃப்ரேமை மூன்றாக்கி, வேகத்தை 1.8-இல் வைத்தேன். விநாடிக்கு 60 புல்லட். ஆனால் மூன்று கை என்றால் சுற்று முடிவது 72-இல் அல்ல, 120-இல், 0.3 வீதம் கூட்டினால் 400 சுடு, இருபது விநாடி. அவ்வளவு நேரம் யாரும் காத்திருக்க மாட்டார்கள். அடியின் கூட்டலை 0.6 ஆக்கினேன், பத்து விநாடியில் வழி திறக்கிறது. இப்போது கோப்பில் இருப்பது இந்த எண்கள்தான். தம்பி இரண்டு உயிர் மிச்சம் வைத்து முடிக்கிறான், அடுத்து லேசர் எப்போது என்று கேட்டுக்கொண்டிருக்கிறான்.